முப்பத்தோராம் பக்கத்தின் பெருவிரல்

டான்டினோங் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
தேவாலயத்தார் நடத்தும் ஒப் ஷாப்பில்
பழைய சமையல் புத்தகங்களுக்கும்
காது உடைந்த பீங்கான் நாய்க்கும் நடுவே
என் கவிதைப் புத்தகம் நின்றது.
தலைகீழாக.
தமிழுக்கு எது தலை என்று தெரியாத யாரோ
கவனமாகத்தான் அடுக்கியிருந்தார்கள்.

முதல் பக்கத்தில் என் கையெழுத்து:
கேதாரநாதன் அண்ணைக்கு, மிக்க அன்புடன்.
வெளியீட்டு விழாவில் ஐம்பது டொலரைத் தந்துவிட்டு
மிச்சம் வேண்டாமென்ற மனிசன்.
பன்னிரண்டாம் பக்கத்தில் மருந்துக்கடை ரசீது ஒன்று
அடையாளமாய்ச் செருகிக் கிடந்தது.
அதற்கப்பால் தாள்கள் இன்னும் புதுசு மணந்தன.

இது என்ன மொழி என்று கேட்டாள் காசுமேசைக்காரி.
சொன்னேன்.
யார் எழுதியது என்று கேட்கவில்லை.
ஒரு டொலரைவிடச் சின்னதான
இந்த நாட்டின் இரண்டு டொலர்க் குத்திக்காசை
அவள் உள்ளங்கையில் வைத்தேன்.
அது யாரோ வீடற்றவரின் சூப்புக்குப் போகும்.
அதில் எனக்கொரு சதமும் இல்லை,
கோபமும் இல்லை.

கோபமெல்லாம் மற்றதின் மேல்.
போன மார்கழியில் ஒரு வாட்ஸப் குழுவில்
இதே புத்தகம் பிடிஎஃப் ஆக வந்தது,
வாசித்துப் பகிருங்கள் என்று
கூப்பிய கைகள் மூன்றோடு.
நூற்று நாற்பது பக்கம், பதினொரு மெகாபைட்.
முப்பத்தோராம் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பெருவிரல்;
நகத்தில் பாதி உரிந்த ஊதாப் பூச்சு.
நாற்பத்தேழாம் பக்கம் அந்த விரலிலிருந்து நழுவியிருந்தது.

திருட்டு என்று எழுதினேன்.
அட்மின் என்னைச் சத்தமில்லாமல் நீக்கினார்.

ரயிலில் இருந்து கணக்குப் பார்த்தேன்.
கடையிலும் எனக்குப் பூச்சியம்,
குழுவிலும் பூச்சியம்.
பிறகேன் ஒரு பூச்சியம் மட்டும் சுடுகிறது?

அண்ணை கொடுத்தபோது
அவர் அலுமாரியில் ஒரு விரற்கடை வெறுமை விழுந்தது.
அவர் இழந்தார், நான் பெற்றேன்.
ஊதா நகக்காரி ஆயிரம் பேருக்குக் கொடுத்தும்
அவளிடம் அப்படியே இருக்கிறது.
விளக்கில் விளக்கேற்றினால் என்ன குறைந்துவிடும் என்பார்கள்.
எண்ணெய் யாருடையது என்று கேட்பேன் நான்.
அச்சகத்துக்குக் கட்டியது
காரின் கியர்பெட்டிக்கு வைத்திருந்த பணம்.
அதனால்தான் ரயில்.

நல்ல வாதம்.
நோபிள் பார்க் வரை தாங்கியது.

அங்கே ஒரு மின்னஞ்சல் நினைவுக்கு வந்தது.
நோர்வேயின் வடக்கே, மீன் பதனிடும் ஆலையில்
இரவு வேலை செய்பவர் எழுதியது:
'நாற்பத்தாறாம் பக்கத்துக் கவிதையை
நடுவாக்கியத்தில் விட்டிருக்கிறீர்கள்.
வேலை முடிந்து நடக்கையில்
அந்த இடம் என்னோடு வருகிறது.'

நான் அங்கே விடவில்லை.
இன்னும் ஒன்பது வரி இருக்கிறது.
அவருக்கு நன்றி என்று மட்டும் பதில் போட்டேன்.
இன்று அந்த ஒன்பதையும் வாசித்துப் பார்த்தேன்.
அவர் சொல்வது சரிபோலத்தான் இருக்கிறது.

ஸ்பிரிங்வேலில் இறங்கும்போது
மற்றதும் வந்தது, கூப்பிடாமலே.
இந்த நூற்று நாற்பது பக்கத்தையும் நான் தட்டிய எழுத்துரு
காசு கொடுத்து வாங்கியதில்லை.
சுதேஷ்குமார் ஒரு யூஎஸ்பியில் போட்டுத் தந்தான்,
பூட்டுடைத்தது, நல்லா வேலை செய்யும் என்று.
நல்லாத்தான் வேலை செய்தது.
அந்த ழகரத்தின் வாலை
எத்தனை இரவு வளைத்து நிமிர்த்தியிருப்பார் ஒருவர்,
எந்த ஊரில், எத்தனை மாத வாடகை பாக்கியோடு.
ஒவ்வொரு பக்கத்திலும் அவருடைய பெருவிரல் இருக்கிறது.
ஓரத்தில் இல்லை,
எழுத்துக்குள்ளேயே.

வீட்டுக்கு வந்து அதன் விலையைத் தேடினேன்.
அந்த முகவரியில் இப்போது சப்பாத்து விற்கிறார்கள்.

நாற்பத்தேழாம் பக்கத்தைப் போனில் படமெடுத்தேன்,
நோர்வேக்கு அனுப்ப.
மூலையில் என் விரல் விழுந்துவிட்டது.
திரும்ப எடுக்கவில்லை.
அனுப்பவும் இல்லை இன்னும்.

ரசீதைப் பன்னிரண்டாம் பக்கத்திலேயே விட்டிருக்கிறேன்.